கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை

2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில், மலையகத் தோட்டமொன்றில் பயன்படாமல் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவைத் துப்புரவு செய்து மாலை வகுப்பொன்றைத் தொடங்கினோம். லயத்துப் பிள்ளைகள் 31 பேர் வந்தனர். தரம் 2 முதல் தரம் 5 வரை எல்லோரும் ஒரே அறையில் கலந்திருந்தனர். எம்மில் இருவர் முறை வைத்துப் போய் வந்தோம். இருவருமே முன்னர் பாடசாலையில் படிப்பித்தவர்கள் என்பதால், இது கைபழகிய வேலை என்றே எண்ணியிருந்தோம்.

அங்கே தரம் 4 இல் படிக்கும் ஒரு சிறுமி கடைசி வாங்கில் இருப்பாள். சத்தம் போடமாட்டாள். அவளுடைய கொப்பியைப் போல அழகான கொப்பி அந்த வகுப்பில் வேறொன்றும் இல்லை. கரும்பலகையில் எழுதியதை எழுத்துப் பிசகாமல், கோடு தாண்டாமல் எழுதிக்கொண்டு வருவாள். நாம் பக்கத்துக்குப் பக்கம் சரி போட்டு ‘மிக நன்று’ என்று எழுதினோம். மற்றப் பிள்ளைகளுக்கு அந்தக் கொப்பியை உயர்த்திக் காட்டியதும் உண்டு. இப்படியே மூன்று மாதங்கள் போயின.

ஒரு நாள் நல்ல மழை. கூரை ஒழுகி, கரும்பலகையில் பாதியை அழித்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் அழிந்த சொற்களைத் தாமே ஊகித்து எழுதி முடித்தார்கள். இவள் மட்டும் ஒரு சொல்லின் நடுவே கொம்பைப் போட்டுவிட்டு, அடுத்த எழுத்தைப் போடாமல் பென்சிலைப் பிடித்தபடி இருந்தாள். “என்ன எழுத வந்தாய்?” என்று கேட்டோம். பதில் இல்லை. அவள் எழுதி முடித்திருந்த முதலாவது வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னோம். அதையும் வாசிக்கவில்லை. எழுத்துகளை அவள் எழுதவில்லை, பார்த்து வரைந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது.

அன்று மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாயிடம் விடயத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “எம்புள்ள எழுத்து முத்து முத்தா இருக்குன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” என்றார். அதற்குச் சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரிகிறது. இவள் தரம் 1 இல் சேர்ந்தது 2020 தை மாதத்தில். பங்குனியில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டிலும் 2021 இலும் பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தன. கைத்தொலைபேசி வழியாகப் பாடம் நடந்தது என்றார்கள். லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே பெரிது. அதற்கும் ‘சிக்னல்’ தேடி மலை உச்சிக்குப் போக வேண்டும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, ஆசிரியர்கள் பாடசாலைக்குப் போய்ச் சேருவதே பாடாயிற்று. ஆரம்ப வகுப்புகளில் பிள்ளையை ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பது எமது நாட்டில் அரிது. ஆகவே எழுத்து அறியாமலே அவள் தரம் 4 வரை வந்துவிட்டாள். கொப்பி அழகாக இருந்ததால் எவரும் நின்று பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை.

யாருக்குப் பாடம் நடத்தினோம்?

இதன் பின்னர் எமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்த மூன்று மாதங்களாக நாம் யாருக்குப் பாடம் நடத்தினோம்? நேர்மையாகச் சொன்னால், முன் வாங்கில் இருந்த ஏழெட்டுப் பேருக்கு. கேள்வி கேட்டால் கையுயர்த்துபவர்கள் அவர்கள். அவர்கள் பதில் சொல்லிவிட்டால் வகுப்பே விளங்கிக்கொண்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இவ்விதழின் வாசகர்களில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் தம்மிடம் அறவே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பிள்ளைகள் பலதரப்பட்டவர்கள் என்பதை ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்திருக்கிறோம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் செய்து கற்பவர் என்று பிரித்துப் பார்க்கும்படி கருத்தரங்குகளிலும் சொல்லித் தந்தார்கள். நாமும் அதை நம்பினோம். ஆனால் 2008 இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, பிள்ளையின் ‘பாணிக்கு’ ஏற்றபடி படிப்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். எமது அனுபவமும் அதற்கு மாறானதல்ல. அந்தச் சிறுமியைக் கண்ணால் கற்பவள் என்று ஒரு பெட்டியில் போட்டிருந்தால், இன்னும் இரண்டு வருடங்கள் பார்த்து எழுதிக்கொண்டே இருந்திருப்பாள். அவளுக்கு எந்த எழுத்துத் தெரியும், எந்த எழுத்துத் தெரியாது என்று கேட்பதே நாம் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது.

மட்டைத் துண்டும் நான்கு படிகளும்

அடுத்த கிழமை ஒரு மட்டைத் துண்டு தயாரித்தோம். முதற் பகுதியில் பத்து எழுத்துகள். இரண்டாவதில் ‘மரம், கூடை, பால், மாடு’ போன்ற சொற்கள். மூன்றாவதில் நான்கு சிறிய வசனங்கள். நான்காவதில் எட்டுப் பத்து வசனங்கள் கொண்ட ஒரு சிறு கதை. இது எமது கண்டுபிடிப்பல்ல. இந்தியாவில் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தார் 2005 முதல் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை அளந்து வருவது ஏறக்குறைய இதே முறையில்தான். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில் குழு அமைத்து, வயதையும் வகுப்பையும் சிறிது நேரம் மறந்து படிப்பிப்பது அவர்களுடைய வழி. 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் கள ஆய்வு செய்து பார்த்த முறைகளில் இதுவும் ஒன்று.

ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வெளித் திண்ணைக்கு அழைத்து வாசிக்கச் சொன்னோம். ஒருவருக்கு நாலைந்து நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை. மற்றவர்களின் முன்னால் வைத்துக் கேட்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். வெட்கப்படும் பிள்ளை தெரிந்ததையும் சொல்லாது.

முடிவைப் பார்த்தபோது எமது இடாப்பே தலைகீழாகிவிட்டது. தரம் 2 இல் படிக்கும் ஒரு பெண்பிள்ளை கதையைத் தடையின்றி வாசித்தாள். தரம் 5 பையன் ஒருவன் சொற்களிலேயே நின்றுவிட்டான். எழுத்துப் படியில் நின்றவர்களில் நாலு தரத்துப் பிள்ளைகளும் இருந்தனர். இன்னொன்றையும் கவனித்தோம். ‘க’ என்ற எழுத்தைத் தனியே காட்டினால் சொல்லும் பிள்ளை, ‘மகன்’, ‘தங்கம்’ என்று சொல்லில் வரும்போது தடுமாறியது. ஓரெழுத்துக்கு இடத்துக்கு இடம் ஓசை மாறுகிறது அல்லவா? கொம்பும் அப்படியே. எழுதும்போது முதலில் வருகிறது, வாசிக்கும்போது பின்னால் ஒலிக்கிறது. ஒ, ஓ வரிசையில் எழுத்துக்கு இருபுறமும் குறி நிற்கிறது. பழகிய எமக்கு இது தெரிவதில்லை. முன் வாங்குப் பிள்ளைகள் எப்படியோ பிடித்துக்கொண்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து, விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

பேச்சு வழக்கும் ஒரு தடையாக நிற்பதுண்டு. மலையகப் பாடசாலைகளில் நீண்ட காலமாக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ஆசிரியர்கள் பலர் கடமையாற்றினர். வீட்டில் ‘பேசாத’ என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு ‘கதைக்காதைங்கோ’ என்றால் முதல் நாளில் என்ன விளங்கும்? வீட்டுத் தமிழ், ஆசிரியரின் தமிழ், புத்தகத் தமிழ் என்று மூன்றைச் சேர்த்துக் கற்க வேண்டியிருந்தது. அதனால் நாம் எழுதிய மட்டைகளில் முதலில் லயத்துச் சொற்களையே போட்டோம். கூடை, கொழுந்து, பீலிக்கரை, ரொட்டி. இவற்றை வாசித்த பின்னர் புத்தகச் சொற்கள் அவ்வளவு பயங்காட்டவில்லை.

மூன்று பாய்களும் ஓர் ஆசிரியரும்

குழு பிரித்தாயிற்று. ஓர் ஆசிரியர் எப்படி ஒரே நேரத்தில் மூன்று குழுக்களைப் பார்ப்பது? முதற் கிழமை ஒரே கூச்சல். ஒரு பாயில் இருந்து மற்றப் பாய்க்கு ஓடியோடிக் களைத்துப் போனோம். பிழை எங்கே என்றால், மூன்று குழுக்களுக்கும் நாமே படிப்பிக்க முயன்றோம். பிறகு ஒழுங்கை மாற்றினோம். இருபது நிமிடங்களுக்கு ஒரு குழுவுடன் மட்டுமே இருப்பது. மற்ற இரு குழுக்களுக்கும் ஆசிரியர் இல்லாமலே செய்யக்கூடிய வேலையைக் கொடுப்பது. அந்த வேலையை முதல் நாளே தயார் செய்து வைக்காவிட்டால் இந்த முறை நடக்காது. உண்மையில் பாதி உழைப்பு அங்கேதான்.

எழுத்துக் குழுவுக்கு ஒரு தட்டில் மணல். மணலில் எழுதிச் சத்தமாகச் சொல்லி அழிப்பார்கள். பார்த்து எழுதுவதை அவர்களுக்கு அடியோடு நிறுத்திவிட்டோம். சொற்குழுவுக்குப் படமும் சொல்லும் பொருத்தும் மட்டைகள். பிஸ்கட் பெட்டிகளை வெட்டிச் செய்தவைதான். மட்டையின் பின்புறத்தில் சரியான விடை இருக்கும். பிள்ளை தானே திருப்பிப் பார்க்கலாம். பார்த்து எழுதி ஏமாற்றிவிடுமே என்று சிலர் கேட்டனர். ஏமாற்றட்டும், திருப்பிப் பார்த்தாலும் அந்தச் சொல்லைத்தானே பார்க்கிறது! வசனக் குழுவினர் இருவர் இருவராக அமர்ந்து ஒருவருக்கு ஒருவர் வாசிப்பார்கள். எண்ணுவதற்குத் தேயிலை விதைகளும் சோடா மூடிகளும் போதுமாயின.

குழுக்களுக்குப் பூக்களின் பெயர் வைத்தோம். எந்தப் பூ ‘மக்குப் பூ’ என்பதைப் பிள்ளைகள் நாலு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் வைத்து மறைக்கலாம் என்று எண்ணியது எமது அப்பாவித்தனம். கணக்குக்கு வேறு குழு பிரித்ததுதான் பயன் தந்தது. வாசிப்பில் சொற்படியிலேயே நின்ற தரம் 5 பையன் கணக்கில் எல்லோருக்கும் முன்னால் போனான். அவனுடைய பாட்டி கொழுந்தெடுப்பவர். கூடைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று தராசடியில் கழித்த பின்னர் பாட்டிக்கு எத்தனை கிலோ நிற்கும் என்பதை மனதிலேயே சொல்லிவிடுவான். கணக்கு நேரத்தில் ‘கெட்டிக்காரப் பூ’ அவனிடம் வந்து கேட்கத் தொடங்கிய பின்னர், வாசிப்புப் பாயில் அவன் தலை குனிந்து இருந்ததை நாம் காணவில்லை. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மட்டையை எடுத்து மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் குழுவை மாற்றினோம். மாற்றாத குழு பழைய கடைசி வாங்கைப் போன்றதுதான்.

சட்டாம்பிள்ளையும் சென்னை மதகுருவும்

பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது எமது திண்ணைப் பள்ளிகளில் இருந்த பழக்கம். 1789 இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லமொன்றுக்குப் பொறுப்பாக வந்த ஆங்கிலத் திருச்சபைக் குருவான அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதையே தமது இல்லத்தில் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் விரும்பவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார்; அது நன்றாக நடந்தது. 1797 இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. எங்கள் திண்ணையிலிருந்து போன சரக்கு, வெள்ளைக்காரரின் முத்திரையுடன் திரும்பி வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. எமது வகுப்பிலும் கதை வாசிக்கும் அந்தத் தரம் 2 பெண்பிள்ளையை உதவிக்கு அமர்த்தினோம். இரண்டாம் கிழமையே மற்றப் பிள்ளைகளின் தலையில் குட்டத் தொடங்கிவிட்டாள். அது அவளுடைய பிழையல்ல. தனக்கென்று ஒரு வேலையும் இல்லாமல், எப்போதும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்க எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுமை இருக்கும்? மீத்திறன் உள்ள பிள்ளையும் தேவை உள்ள பிள்ளையே. அவளுக்குப் பெரிய பிள்ளைகளின் கதைப் புத்தகங்களைத் தேடிக் கொடுத்தோம். லயத்து முதியவர்களிடம் கதை கேட்டு எழுதிவரச் சொன்னோம். உதவும் வேலையை முறை வைத்து எல்லோருக்கும் பிரித்தோம். குட்டு நின்றது.

ஓராசிரியர் பாடசாலையில் கற்கக் கூடியது

பல வகுப்புகள் ஓரறையில் இருப்பதை நாம் குறையாகவே பேசி வந்திருக்கிறோம். தோட்டப் பாடசாலைகளின் வரலாறு அப்படி. 1907 இலும் 1920 இலும் வந்த சட்டங்களின்படி தோட்ட நிர்வாகம் நடத்திய அந்தப் பாடசாலைகளில் ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர் என்பதே வழக்கம். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் அவை பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே நின்றன. 1977 முதல்தான் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த அநீதியை நியாயப்படுத்த நாம் வரவில்லை. ஆயினும் அதே நிலையை வைத்துக்கொண்டு வேறு நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

கொலம்பியா நாட்டின் கோப்பி விளையும் மலைகளில் எங்களுடையவை போன்ற சிறு பாடசாலைகளே அதிகம். 1970 களின் நடுப்பகுதியில் அங்கே ‘எஸ்குவேலா நுவேவா’, அதாவது ‘புதிய பாடசாலை’ என்ற முறை தொடங்கியது. பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, தாமே படிக்கக்கூடிய வழிகாட்டிகளைக் கொண்டு முன்னேறுவார்கள். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் பிள்ளை, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். ஒரு வருடம் வீணாவதில்லை. இது எமக்கு மிகவும் பிடித்தது. எமது பிள்ளைகளும் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்பதுண்டு. திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியிலும் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று மட்டைகளும் ‘கற்றல் ஏணி’யும் உருவாக்கினார்கள். அதைப் பார்த்து 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13 இல் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. 2007 அளவில் தமிழ்நாடு முழுவதற்கும் போனது. சில பள்ளிகளில் நடந்ததை ஒரே ஆணையில் பல்லாயிரம் பள்ளிகளுக்குக் கொண்டு போவது வேறு காரியம் என்பதே எமது எண்ணம். மட்டை செய்த ஆசிரியருக்கு அது எதற்கென்று தெரியும். மேலிருந்து பெட்டியில் வந்து இறங்கினால், அதுவும் இன்னொரு பாடப்புத்தகமாகிவிடும். 2022 இல் அங்கே தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கிறார்கள். அங்கேயும் பூக்கள்தான்!

வெட்டுப்புள்ளி

இதையெல்லாம் ஒரு பாடசாலை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எல்லாம் சரிதான். நேரசூசிப்படி பாடத்தை முடிக்காவிட்டால் யார் பதில் சொல்வது? புலமைப்பரிசிலுக்கு எத்தனை பேர் சித்தி என்றுதானே எல்லோரும் கேட்கிறார்கள்?” என்றார். இது நியாயமான முறைப்பாடு. தரம் 5 பரீட்சை முடிந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள் பாடசாலை வாசலில் பதாகையாகத் தொங்குகின்றன. எழுத்துப் படியில் இருந்து சொற்படிக்கு ஏறிய பிள்ளைக்குப் பதாகை கிடையாது. சித்தியடையக்கூடிய ஐந்து பேருக்கு மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு வைக்கும் பாடசாலை, எழுத்தறியாத பத்துப் பேருக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கத் தயங்குகிறது. ஆசிரியைக்கு நாம் கூறியது, நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும் என்பதே. அவர் கிழமைக்கு மூன்று பாடவேளைகள் செய்து பார்க்கிறேன் என்றார். அதிபரும் மறுக்கவில்லை.

கண்ணும் காதும் பற்றி ஒரு சொல். எழுத்துக் குழுவில் நீண்ட நாள் நின்ற ஒரு பையனை முன்னே அமர்த்தியபோதுதான், அவனுக்கு இடது காதில் சீழ் வடிவதும், அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாததும் தெரியவந்தது. கவனமில்லாதவன் என்று பாடசாலையிலும் வீட்டிலும் அடி வாங்கியிருக்கிறான். குளிர் பிரதேசத்தில் சளியும் காதுவலியும் சாதாரணம் என்று விட்டுவிடுகிறோம். படிக்காத பிள்ளையைப் பற்றி முடிவு செய்வதற்கு முன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லிக் கண்ணையும் காதையும் பார்க்கச் செய்யுங்கள். 1998 தை முதல் 5 வயதில் இருந்து 14 வயது வரை கட்டாயக் கல்வி என்றும், 2016 முதல் 16 வயது வரை என்றும் எமது நாட்டில் விதி இருக்கிறது. பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. அது வகுப்பில் என்ன கேட்கிறது, என்ன பார்க்கிறது என்பதை நாமே கவனிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுமி எழுத்துப் பாயில் நான்கு மாதங்கள் இருந்தாள். முதலில் மணல் தட்டைக் கண்டு அழுதாள். அழகான கொப்பியைப் பறித்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆண்டு முடியும் முன் சொற்குழுவுக்குப் போனாள். 2024 இல் தரம் 5 பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. வினாத்தாளில் முதல் பக்கத்தை முழுவதும் வாசித்தேன் என்று மட்டும் சொன்னாள். இப்போது இடைநிலை வகுப்புக்காகப் பஸ் ஏறித் தூரத்துப் பாடசாலைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, கதை மட்டைகளில் இருந்து ஒன்றை எடுத்துப் போய் அடுத்த கிழமை திருப்பித் தருகிறாள். இன்னும் நாலைந்துதான் மீதி இருக்கின்றன. புதியவை எழுத வேண்டும். பிஸ்கட் பெட்டிகளும் சேர்க்க வேண்டும்.